கங்காணியும் சூப்பர்வைசரும்: ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் படிக்கும் வழி

என் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் சில்லறைக் கங்காணி, அதாவது ஒரு சின்னக் கூட்டம் தொழிலாளரை வேலை வாங்குபவர். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணி மலைக்கு அனுப்பிவிட்டு, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நிரைக்குப் பின்னால் நிற்பவர். நான் தோட்டத்து ஆபீசில் 34 வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அந்தி நேரத்தில் வீட்டு முன்னறையில் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பதுதான் இப்போது வேலை.

போன வருடம் ஒரு பையன் வந்தான். கையில் 40 பக்கத்துக்கு ஆங்கிலச் சொல் பட்டியல். ஒரு பக்கத்துக்கு 20 சொல், ஒரு நாளைக்கு ஒரு பக்கம். "800 சொல் பாடம் சேர்" என்றான். நாலாம் பக்கத்திலிருந்து ஒன்றைக் கேட்டேன்: சூப்பர்வைசர். பையன் விழித்தான். அவன் அப்பா வேலை செய்வதே ஒரு சூப்பர்வைசருக்குக் கீழேதான்.

"சரி, கங்காணின்னா என்ன?" என்று கேட்டேன். "மேல்பார்க்கிறவர்" என்றான். அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினேன். கண், காணி. கண்ணால் காண்கிற வேலை. கண்காணி என்பதே வாயில் புழங்கிப் புழங்கிக் கங்காணி ஆனது. இனி ஆங்கிலத்தைப் பிரிப்போம். சூப்பர் என்றால் மேலே. படம் பார்த்துவிட்டு நாம் சொல்கிற அதே சூப்பர்தான். வைஸ் என்பது லத்தீனில் பார்ப்பதைக் குறிக்கும் வேர். மேலே இருந்து பார்ப்பவர், சூப்பர்வைசர். ஓவர்சியர் என்று ஒரு பழைய பதவி இருந்ததே, அதுவும் இதே கட்டுமானம்தான்: ஓவர், சீ. சேர்வேயர் என்ற சொல்லும் சூப்பரும் பார்வையும் சேர்ந்து பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது. ஆக, நாலு சொல், நாலும் ஒரே வேலை. பையனுக்கு இப்போது சொல்லும் ஞாபகம், தாத்தாவின் கம்பளியும் ஞாபகம்.

அந்த வேரை இன்னும் கொஞ்சம் தோண்டலாம். விட், விஸ் என்று இரண்டு உருவத்தில் அது வரும். வீசா, விசிட், வீடியோ, ரிவைஸ், எவிடென்ஸ். டெலிவிஷனில் டெலி என்றால் தூரம். தூரத்தில் நடப்பதைப் பார்க்கிற பெட்டி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது சம்பளச் சீட்டில் இருக்கிற ஒன்று. மாதா மாதம் தொழிலாளி சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, தோட்டம் 12 சதவீதம் போட்டு ஈ.பி.எஃப். கட்டுகிறார்களே, அதில் பி என்றால் ப்ராவிடென்ட். ப்ரோ என்றால் முன்னே, விட் என்றால் பார். வயதான காலத்தை முன்கூட்டியே பார்த்து ஒதுக்கி வைத்த பணம். எத்தனையோ ஆயிரம் சீட்டுகளில் அந்த மூன்று எழுத்தை எழுதியிருக்கிறேன். அது பார்வையில் பிறந்த சொல் என்று எனக்குத் தெரிந்தபோது வயது 40.

கொப்பி எப்படிப் போடுவது

பட்டியலை மூடி வையுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பி, கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம், வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வேர். நடுவில் வேரை எழுதி, அடியில் அதன் பொருளைத் தமிழில் ஒரே சொல்லில் எழுதுங்கள். உதாரணத்துக்குப் போர்ட்: சும. நானுஓயா ஸ்டேஷனில் பெட்டி தூக்குகிற போர்ட்டர் இந்த வேரில் பிறந்தவர்தான். சுற்றிலும் அந்த வேர் உள்ள சொற்களை எழுதுங்கள். எக்ஸ்போர்ட், வெளியே சுமப்பது. இம்போர்ட், உள்ளே சுமப்பது. டிரான்ஸ்போர்ட், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சுமப்பது. சப்போர்ட், அடியிலிருந்து தாங்குவது. ரிப்போர்ட், நடந்ததைத் திரும்பச் சுமந்து வந்து சொல்வது. டிபோர்ட், நாட்டை விட்டு அகற்றுவது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சின்ன வாக்கியம். புத்தகத்து வாக்கியம் வேண்டாம். "எங்கள் ஸ்டோர் தேயிலையை எக்ஸ்போர்ட் பண்ணுது" என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் போதும். (ஸ்டோர் என்றால் எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை.)

இங்கே நான் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும். ஒலி மட்டும் தெரிந்து எழுத்துத் தெரியாவிட்டால் வேர் கண்ணில் படாது.

வாரத்துக்கு இரண்டு வேர். மூன்றாவது வேண்டாம். ஆசை வரும், அடக்குங்கள். எழுதிய பக்கத்தை மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை, அப்புறம் மாதக் கடைசியில் ஒரு தடவை பாருங்கள். பார்ப்பது என்றால் வாசிப்பது இல்லை. நடுவில் இருக்கிற வேரை மட்டும் பார்த்து, மற்றதைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பது.

தேயிலைச் செடியையும் வேரையும் கொழுந்தையும் வைத்து உவமை சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன். என் அம்மாவின் முதுகை ஒடித்த செடி அது.

வீட்டுக்குள்ளேயே கிடக்கிற லத்தீன்

எங்கே தொடங்குவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான் சமையலறையில் தொடங்கச் சொல்வேன். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள், 1658இல் போனார்கள். போகும்போது தங்கள் சொற்களில் கொஞ்சத்தை நம் வாயில் விட்டுவிட்டுப் போனார்கள். போர்த்துக்கேயம் லத்தீனின் பிள்ளை. ஆங்கிலமோ லத்தீனிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடன் வாங்கிய மொழி. அதனால் நாம் தினமும் பேசுகிற சில தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள். இந்தியத் தமிழர் ரொட்டி, நாற்காலி, பெஞ்ச் என்று சொல்கிற இடத்தில் நாம் பாண், கதிரை, வாங்கு என்கிறோம். இந்த விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்தான்.

பாணை எடுங்கள். லத்தீனில் பானிஸ். கம்பேனியன் என்றால் தோழன் என்று பட்டியலில் இருக்கும். கம் என்றால் கூட, பானிஸ் என்றால் பாண். கூட இருந்து பாண் பிய்த்துத் தின்பவன்தான் தோழன். கம்பனி என்பதும் அதே. பாண் வைக்கிற அறை பான்ட்ரி. தோட்டத்தை நடத்துகிற கம்பனி யாரோடு பாணைப் பகிர்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கதிரை, லத்தீனில் கதீட்ரா. ஆங்கிலத்தின் செயார் என்ற சொல்லே அதிலிருந்து தேய்ந்து வந்ததுதான். கதீட்ரல் என்றால் பெரிய கோயில் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயரின் கதிரை இருக்கிற கோயிலுக்குத்தான் அந்தப் பெயர். அளவில் சின்னதாக இருந்தாலும் கதிரை அங்கே இருந்தால் அது கதீட்ரல்.

வாங்கு. பள்ளிக்கூடத்தில் நாலு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்த அதே வாங்கு. போர்த்துக்கேயத்தில் பாங்கோ. இத்தாலியில் அந்தக் காலத்தில் காசு மாற்றுகிறவர்கள் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து வியாபாரம் செய்தார்கள். பாங்கா என்ற அந்தப் பலகையின் பெயரே காசு வைக்கிற இடத்துக்கு ஆகிவிட்டது. ஹட்டன் டவுனில் நாம் வரிசையில் நிற்கிற பாங்க் அதுதான். முறிந்த பலகை என்று இத்தாலிய மொழியில் சொல்வதுதான் பாங்க்ரப்ட் என்று ஆங்கிலத்துக்கு வந்து, கடனில் மூழ்கிப்போனவனைக் குறித்தது.

அந்தக் கடைசித் துண்டை விடாதீர்கள். ரப்ட் என்றால் உடை, முறி. இதற்கு ஒரு பக்கம் போடுங்கள். இன்டரப்ட், பேச்சின் நடுவில் புகுந்து முறிப்பது. இரப்ட், உடைத்துக்கொண்டு வெளியே பாய்வது, எரிமலை போல. கரப்ட், முழுக்க உடைந்துபோனது. அரசியல் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். அப்ரப்ட், சட்டென்று முறிந்தது. ரப்சர், உடைப்பு. ஒரு வாங்கிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பாருங்கள்.

ரோதை என்ற சொல் நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகலாம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஸ்டோரில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ரோதைமுனிக்கு விளக்கு வைக்கிறோமே, அந்த ரோதை. சக்கரம். போர்த்துக்கேயத்தில் ரோதா, லத்தீனில் ரோட்டா. ரொட்டேட், ரோட்டரி, ரொட்டேஷன் எல்லாம் இதன் பிள்ளைகள். ஸ்டோரில் கொழுந்தை அரைக்கிற ரோட்டர்வேன் இயந்திரத்தின் பெயரிலும் இது இருக்கிறது. லத்தீனில் குட்டிச் சக்கரத்துக்கு ரோட்டுலுஸ் என்று பெயர். சுருட்டி வைத்த தாளும் குட்டிச் சக்கரம் மாதிரி இருப்பதால் அதற்கும் அந்தப் பெயர் வந்தது; அது தேய்ந்தது ரோல். தொழிலாளர் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் இருக்கிற ரோல்!

ஒரு கிளாக்கருக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு உண்டா? உண்டு. கன்ட்ரோல் என்ற சொல்லைப் பாருங்கள். கான்ட்ரா என்றால் எதிர், ரோல் என்றால் பதிவேடு. கணக்கில் யாரும் கைவைக்காமல் இருக்க வைத்திருக்கும் எதிர்ப்பதிவேடு. ஆபீசில் நான் 34 வருடம் செய்தது அதைத்தான்.

சாவி, ஜன்னல் இரண்டையும் நீங்களே தேடிப் பாருங்கள். ஒரு துப்பு மட்டும் தருகிறேன். சாவியின் லத்தீன் மூதாதை கிளாவிஸ்; காறை எலும்புக்கு டாக்டர்கள் சொல்கிற பெயரில் அது ஒளிந்திருக்கிறது. ஜன்னலின் மூதாதை வாசற்கதவு. பள்ளிக்கூடம் கூட்டுகிற ஜேனிட்டரிடம் விசாரியுங்கள்.

முன்னால் ஒட்டுவது

முன்னொட்டுகளைத் தனியாக உட்கார்ந்து பாடம் பண்ண வேண்டாம். அன், ரி, ப்ரீ, டிஸ் எல்லாம் வேர்களோடு ஒட்டிக்கொண்டு தாமாகவே வரும். கஷ்டம் தருவது அவை உருமாறும் இடம்தான். அதற்கும் நமக்குத் தமிழ்ப் பாடம் கைகொடுக்கிறது. மரம், கள், இரண்டும் சேர்ந்தால் மரம்கள் என்றா எழுதுகிறோம்? மரங்கள். பொன், குடம், சேர்ந்தால் பொற்குடம். புணர்ச்சி விதி என்று அடிவாங்கிப் படித்தோமே, அதே சங்கதி லத்தீனிலும் உண்டு.

இன் என்றால் இல்லை. பாசிபிள் என்பதோடு சேரும்போது இன் என்பது இம் ஆகும்: இம்பாசிபிள். லீகல் முன்னால் இல் ஆகும்: இல்லீகல். ரெகுலர் முன்னால் இர் ஆகும்: இர்ரெகுலர். வாய்க்கு வசதியாக மாறியது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் எழுத்துப் பிழை பாதி போய்விடும். இல்லீகலில் ஏன் இரண்டு எல்? ஒன்று முன்னொட்டினுடையது, மற்றது லீகலுடையது. அன்னெசஸரியில் முதலில் இரண்டு என் வருவதும் அப்படித்தான். டிஸப்பாயின்ட் என்பதில் ஏன் ஒரே எஸ்? டிஸ் என்பதற்குப் பின்னால் வருவது அப்பாயின்ட், அதில் தொடக்கத்தில் எஸ் இல்லை. டிஸ்ஸாட்டிஸ்ஃபைட் என்றால் இரண்டு எஸ், ஏனென்றால் சாட்டிஸ்ஃபைட் தன் எஸ்ஸைக் கொண்டு வருகிறது. பத்து வருடமாகச் சிவப்புப் பேனாவால் திருத்தியும் சரியாகாத பிழைகள் இந்த ஒரு விளக்கத்தில் சரியானதைப் பார்த்திருக்கிறேன்.

எல்ல, நுவரெலியா போன்ற சுற்றுலா ஊர்ப் பக்கம் போனால் அறை வாடகைக்கு என்ற பலகைகளைப் பாருங்கள். அகாமடேஷன் என்பதை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள்! ஒரு சீ, இரண்டு சீ, ஒரு எம், இரண்டு எம். பிரித்தால் தகராறே இல்லை. அட் என்பது அக் ஆனது, அதனால் இரண்டு சீ. அடுத்து கொம், அதன் எம்மோடு மோட் என்ற வேரின் எம் சேர்ந்து இரண்டு எம். அளவுக்கு ஏற்றபடி பொருத்திக் கொடுப்பது என்பது பொருள்.

இமிக்ரன்டுக்கு இரண்டு எம், எமிக்ரன்டுக்கு ஒன்று. முதலாவது இன், உள்ளே. இரண்டாவது எக்ஸ் என்பதன் தேய்வு, வெளியே. மிக்ரேட் என்றால் இடம்பெயர். இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் படிவத்தில் உங்கள் கதையே தலைகீழாகிவிடும்.

வேஷம் மாறுகிற வேர்

வேரும் ஒரே முகத்தோடு இருக்காது. மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன்கூத்து நடக்கும். இரவு முழுக்க ரதியாக அழுதவர் விடிந்ததும் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போவார். ஆள் ஒருவர்தான். தமிழிலேயே காண் என்பது கண்டேன் என்றும் காட்சி என்றும் வேஷம் மாறவில்லையா?

ஃபாக்ட் என்றால் செய். ஃபாக்டரி, செய்கிற இடம். முன்னொட்டு சேரும்போது அது ஃபெக்ட் ஆகும்: டிஃபெக்ட், குறையாகச் செய்தது, பெர்ஃபெக்ட், முழுக்கச் செய்து முடித்தது, எஃபெக்ட், செய்ததால் வெளிவந்தது. இன்னும் ஒரு வேஷம் ஃபிஷ்: எஃபிஷன்ட், சஃபிஷன்ட். கொப்பியில் வேரை எழுதும்போதே அதன் இரண்டு மூன்று உருவத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

மனூஃபாக்சர் என்றால் கையால் செய்வது. மனு என்பது லத்தீனில் கை. மனுவல், மனுஸ்க்ரிப்ட் எல்லாம் கையோடு சம்பந்தப்பட்டவை. மனேஜரும் அப்படித்தான். மேன் என்ற ஆம்பளைக்கும் அதற்கும் தொடர்பில்லை. குதிரையைக் கையால் பழக்குவதைக் குறித்த இத்தாலியச் சொல்லின் வழியாக வந்தது. அப்புறம் இன்னொன்று: உரத்துக்கு ஆபீஸ் கணக்கில் மனூர் என்று எழுதுவோம். அது கையால் நிலத்தில் பாடுபடுவது என்ற பொருளிலிருந்து வந்த சொல். தோட்டத்து மனேஜரான துரையும் உரமும் ஒரே வேர். இதைச் சொன்ன அன்று பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த வேரை ஒருவரும் மறக்கவில்லை.

நில்

ஒரு வேரை மட்டும் நான் மெதுவாகச் சொல்லிக் கொடுப்பேன். தமிழில் நில். அதிலிருந்து நிலை, நிலையம். லத்தீனில் நிற்பதற்கு ஸ்டாரே. அதிலிருந்து ஸ்டேஷன். இரண்டு மொழியும் ஒன்றையொன்று கேட்காமலே ரயில் நிற்கிற இடத்துக்கு ஒரே மாதிரிப் பெயர் வைத்துவிட்டன. ஸ்டேட்டஸ், நிற்கிற நிலை. ஸ்டேபிள், ஆடாமல் நிற்பது. கான்ஸ்டன்ட், மாறாமல் நிற்பது. டிஸ்டன்ஸ், விலகி நிற்பது. ஸ்டேட், நாடு. எஸ்டேட், தோட்டம். கடைசி இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்பு என்றே சொல்லலாம்.

பின்னொட்டு லெஸ் என்றால் அற்ற. கேர்லெஸ், ஹோம்லெஸ். 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வம்சமான எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் ஸ்டேட்லெஸ். நாடற்றவர். எஸ்டேட்டில் இருந்தவர்களுக்கு ஸ்டேட் இல்லை. ஒரு எழுத்து முன்னால் இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை. மிச்சம் 150,000 பேரின் கதை 1974இல் பாதிப் பாதியாக முடிவானது. என் சித்தப்பா குடும்பம் போகிற பட்டியலில். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனார்கள். அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளில் ஒரு நீண்ட ஆங்கிலச் சொல். எனக்கு அப்போது வாசிக்கத் தெரியும், பொருள் தெரியாது. ரிப்பேட்ரியேஷன். ரி என்றால் திரும்ப. பேட்ரியா என்றால் தகப்பன் நாடு. அங்கே போனதும் தமிழில் அவர்களுக்குத் தாயகம் திரும்பியோர் என்று பெயர். ஆங்கிலத்தில் தகப்பன், தமிழில் தாய். சித்தப்பாவின் தகப்பனும் தாயும் இரண்டு பேருமே எங்கள் பழைய லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவர்கள்.

பேட்ரியட் என்ற சொல்லும் இந்தப் பக்கத்தில்தான் வரும். எழுதிக்கொள்ளுங்கள்.

பின்னால் ஒட்டுவது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பின்னொட்டுச் சொல்லின் சாதியைக் காட்டும்: பெயரா, வினையா, பண்பா என்று. ஏபிள் என்றால் கூடிய: போர்ட்டபிள், சுமக்கக் கூடியது. ஃபுல், லெஸ், மென்ட், நெஸ் எல்லாம் ஒரு வாரத்தில் பிடிபடும். கவனிக்க வேண்டியது ஈ. எம்ப்ளோயர் வேலை கொடுப்பவர், எம்ப்ளோயீ வேலைக்கு அமர்ந்தவர். காசோலையில் பேயீ என்றால் பணத்தைப் பெறுபவர். ஒரே ஒரு எழுத்தில் சம்பளம் கொடுப்பவரும் வாங்குபவரும் மாறிவிடுவார்கள்.

உச்சரிப்பில் ஒரு உதவி. ஷன் என்று முடிகிற சொல்லில் அதற்கு முந்திய அசையை அழுத்திச் சொல்லுங்கள்: எஜுகேஷனில் கே, ஃபெர்மென்டேஷனில் டே. இக் என்று முடிந்தாலும் பெரும்பாலும் இப்படித்தான்.

சறுக்கும் இடங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் லொறியில் ஒரு பரல் வந்தது. மேலே இன்ஃப்ளேமபிள் என்று எழுதியிருந்தது. இன் என்றால் இல்லை என்று படித்த கெட்டிக்காரன் நான். "இது தீப்பிடிக்காது, எங்கே வேணும்னாலும் வைங்க" என்று சொல்லிவிட்டேன். நல்ல வேளை, மெக்கானிக் கிழவர் பரலுக்குப் பக்கத்தில் பீடியோடு நின்ற பையனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். ஆங்கிலம் தெரியாத மனிதர், வாசனையில் கண்டுபிடித்தார். லத்தீனில் இன் என்பதற்கு இல்லை என்றும் உள்ளே என்றும் இரண்டு பொருள். இந்தச் சொல்லில் இருப்பது இரண்டாவது: தீக்குள்ளே போகக் கூடியது.

பெட் என்றால் லத்தீனில் பாதம்: பெடல், பெடஸ்ட்ரியன். ஆஸ்பத்திரியில் பீடியாட்ரிக் வார்டு என்று பார்த்து அது கால் முறிந்தவர்களுக்கு என்று ஒரு மாணவி நினைத்திருந்தாள். அது கிரேக்கத்திலிருந்து வந்த வேறு வேர், பொருள் குழந்தை. கார்பெட்டில் காரும் இல்லை, பெட்டும் இல்லை.

ஆகவே பிரித்தவுடன் நம்பிவிடாதீர்கள். முதலில் ஊகம், அப்புறம் அகராதி. நல்ல அகராதிகளில் சொல்லின் பிறப்பைத் தனியாகக் கொடுத்திருப்பார்கள், பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஃபோனில் பார்ப்பதென்றால் ஆங்கில விக்சனரி காசில்லாமல் கிடைக்கும். எட்டிமாலஜி என்ற தலைப்பின் கீழ் இருக்கும். ஊகம் பிழைத்தால் அதையும் கொப்பியில் எழுதி மேலே ஒரு கோடு போடுங்கள். என் கொப்பியில் கோடு போட்டவைதான் எனக்கு அதிகம் ஞாபகம்.

இந்த வழி உதவாத இடமும் உண்டு. கிவ் அப், புட் அப் வித், டேக் ஆஃப் போன்ற சின்னச் சின்னச் சொற்கூட்டங்கள் பிரித்தால் பிடிபடாது. அண்டர்ஸ்டாண்ட் என்பதில் அடியில் நிற்பதைத் தேடினால் உங்களுக்குப் புரியாமலே போகும். இவை காதால் கேட்டு வர வேண்டியவை. ரேடியோவைப் போட்டு வையுங்கள்.

ஆஸ்பத்திரிச் சொற்களுக்கு மட்டும் இந்த வழியை அடித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அவை பெரும்பாலும் கிரேக்கத் துண்டுகளை ஒட்டி ஒட்டிச் செய்தவை. ஐடிஸ் என்றால் அழற்சி: கேஸ்ட்ரைடிஸ், ஆர்த்ரைடிஸ், டான்சிலைடிஸ். ஈமியா என்றால் இரத்தம் சம்பந்தப்பட்டது. முன்னால் அன் சேர்த்தால் அனீமியா. ஹைப்பர் என்றால் கூடுதல், ஹைப்போ என்றால் குறைவு. காதுக்கு இரண்டும் ஒன்று போலவே கேட்கும். இந்த இரண்டையும் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்வேன்.

போன மாசம் பக்கத்து வீட்டு அத்தை, சீனி வியாதிக்காரி, கிளினிக் கொப்பியோடு வந்தார். உடம்பு நடுங்குகிறது, வேர்க்கிறது, இந்தப் பக்கத்தில் என்னமோ எழுதியிருக்கிறார்கள் என்றார். நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் முன்வரிசையில் இருந்த பெண், பீடியாட்ரிக்கில் சறுக்கிய அதே பெண், கொப்பியை வாங்கி விரலை வைத்து வாசித்தாள். "ஹைப்போ. கிளைசீமியா. ஹைப்போன்னா குறைவு, கிளைஸ்னா இனிப்பு, மத்தது இரத்தம்." நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். "அத்தை, சீனி குறைஞ்சா இப்படி வரும்னுதான் எழுதியிருக்காங்க. உட்காருங்க." பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், பிளேன்டீக்கு நாலு கரண்டி சீனி போட்டுக் கொண்டுவரச் சொல்லி.